நெடுவால் விடோபேர்ட்: முதல்முறை தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை விஷயமாக நைரோபியிலோ ஜோஹன்னஸ்பர்கிலோ இருக்கிறீர்கள், அல்லது சஃபாரி போகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கியை எல்லாம் வண்டி ஓட்டுகிறவரே காட்டிவிடுவார். உதவிக்கு ஆள் இல்லாமல் நீங்களே தேடிப் பிடிக்கக்கூடிய பறவை ஒன்று வேண்டுமென்றால், நான் முதலில் சொல்வது நெடுவால் விடோபேர்ட். அறிவியல் பெயர் யூப்ளெக்டெஸ் புரோக்னே. நம்மூர்த் தூக்கணாங்குருவி இருக்கிற பிளோசெயிடே என்ற நெசவுக் குருவிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உடம்பு கொண்டைக்குருவி அளவு, எடை சுமார் 40 கிராம். ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குப் பின்னால் அரை மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வால் தொங்கும்.

இவ்வளவு கண்ணில் படுகிற பறவையைப் பார்க்க வழிகாட்டி எதற்கு? ஆணைப் பார்ப்பது சுலபம்தான். அது எங்கே, எந்த மாதம் அப்படி இருக்கும், பெண் எது, பார்த்தது மூன்று துணையினங்களில் (ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் வேறுபடும் பிரிவுகளில்) எது என்ற இடங்களில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1. நாட்டையும் மாதத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஆப்பிரிக்கா முழுக்க இந்தப் பறவை கிடையாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மூன்று துண்டு நிலங்களில் இருக்கிறது: ஒன்று கென்யாவின் நடு மலைப்பகுதி; இரண்டு அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசின் தெற்கு, ஜாம்பியா சேர்ந்த பகுதி; மூன்று தென்னாப்பிரிக்காவும் அதை ஒட்டிய லெசோத்தோ, எஸ்வாத்தினியும். கென்யாவுக்கும் ஜாம்பியாவுக்கும் நடுவில் இருக்கிற தான்சானியாவில் இது இல்லை. செரெங்கெட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

முதல் பயணம் என்றால் தென்னாப்பிரிக்காவைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஜோஹன்னஸ்பர்கையும் பிரிட்டோரியாவையும் சுற்றியுள்ள உயர்நிலப் புல்வெளியை அங்கே ஹைவெல்ட் என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் நிலம். அங்கே இது அரிய பறவையே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து வேலிக் கம்பியில்கூட உட்கார்ந்திருக்கும். ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ரீட்ஃப்லே காப்பகம், நைஜல் ஊருக்கு அருகில் இருக்கிற மரியவேல் பறவைகள் சரணாலயம் இரண்டும் நல்ல தொடக்கம். இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால் வாக்கர்ஸ்ட்ரூம் போங்கள். சின்ன ஊர்தான், ஆனால் சுற்றிலும் புல்வெளியும் சதுப்பும். அந்த நாட்டுப் பறவை ஆர்வலர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

மாதம் முக்கியம். தென்பகுதியில் கோடைமழையோடு ஆண் கறுப்பு உடைக்கு மாறுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை போனால் முழு வாலோடு பார்க்கலாம். டிசம்பரும் ஜனவரியும் இன்னும் நல்லது. ஜூன், ஜூலையில் போய், "எல்லாம் பழுப்புக் குருவியாக இருக்கிறதே, வால் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. வால் உதிர்ந்துவிட்டது. பள்ளி விடுமுறையைப் பார்த்து டிக்கெட் போடுகிற நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

கென்யாவில் கணக்கு வேறு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நிலம் என்பதால் கோடை, குளிர்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது, மழைதான் காலண்டர். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மழை பெய்து புல் உயர்ந்த பிறகு ஆண்கள் தங்கள் எல்லையில் காட்சிப் பறத்தலை, அதாவது பெண்ணைக் கவர வாலைக் காட்டிப் பறப்பதை, தொடங்கும். மழை தள்ளிப் போனால் பறவையும் தள்ளிப் போகும். அதனால் கென்யா போகிறவர்கள் தேதி குறிப்பதற்கு முன்னால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரிடம் "புல் உயர்ந்துவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கென்யாவில் போக வேண்டிய இடம் கினாங்கோப் பீடபூமி. நைரோபியிலிருந்து சுமார் 100 கி.மீ. நகுரு நெடுஞ்சாலையில் ஃபிளைஓவர் என்ற ஊரில் திரும்பி இஞாபினி பக்கம் ஏறினால் பீடபூமி வந்துவிடும். உயரம் 2,400 மீட்டருக்கு மேல். நிலநடுக்கோடு என்றதும் அரைக்கைச் சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள், விடியற்காலையில் ஊட்டிக் குளிர் அடிக்கும். நியாஹுருரு பக்கமும் இந்தப் பறவை உண்டு.

அங்கோலா, காங்கோ, ஜாம்பியாப் பகுதியைப் புதியவர்கள் விட்டுவிடலாம். தூரம், சாலை, செலவு மூன்றும் அதிகம். ஏற்கெனவே அந்தப் பக்கம் வேலையாக இருப்பவர்களுக்கு மட்டும் அது அதிர்ஷ்டம்.

பயணக் காகிதங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2024 ஜனவரி முதல் கென்யாவுக்குப் பழைய விசா முறை போய், இணையத்தில் முன்கூட்டியே பெறும் மின்னணுப் பயண அனுமதி வந்திருக்கிறது. அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா போனாலும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை.

2. சரியான புல்லில் போய் நில்லுங்கள்

இந்தப் பறவைக்கு மரம் வேண்டாம். திறந்த வெளி வேண்டும், முழங்கால் முதல் இடுப்பு வரை வளர்ந்த புல் வேண்டும், பக்கத்திலேயே ஈரமான பள்ளம் இருந்தால் இன்னும் பிடிக்கும். தென்னாப்பிரிக்காவில் அந்த ஈரப் பள்ளத்தை ஃப்லே என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, மற்ற நாட்களில் கால் புதைகிற அளவு ஈரம் இருக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே அப்படி ஒரு பள்ளம் பச்சையாக இறங்கிப் போவதைச் சாலையிலிருந்து பார்த்தால், வண்டியை நிறுத்தி அங்கே பைனாகுலரைத் திருப்புங்கள்.

மாடு மேய்ந்து தரையோடு தரையான இடத்தில் பறவை இரை தேடும், ஆனால் கூடு கட்டாது. ஆண் எல்லை பிடிப்பதும், பெண் கூடு வைப்பதும் உயரமான புல்லில். அதனால் மேய்ந்த நிலமும் மேயாத நிலமும் சேரும் விளிம்பு நல்ல இடம். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம்.

காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையும், மாலை நான்குக்கு மேலும் ஆண்கள் சுறுசுறுப்பாக இருக்கும். ஹைவெல்டில் கோடைப் பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டும், மாலையை நம்பாமல் காலையைப் பிடியுங்கள். பலத்த காற்று அடிக்கும் நாளில் ஆண் பறக்கவே தயங்கும். அந்த வாலோடு எதிர்க்காற்றில் பறந்து பாருங்கள், புரியும். மழையில் வால் நனைந்தால் இன்னும் திண்டாட்டம். தென்னாப்பிரிக்காவில் வயதானவர்கள், அந்தக் காலத்தில் மழை நாளில் சிறுவர்கள் ஓடியே இதைப் பிடித்துவிடுவார்கள் என்று கதை சொல்வார்கள். கொஞ்சம் மிகை இருக்கலாம்.

பைனாகுலர் 8 மடங்கு, 42 மி.மீ. வகை போதும். 10 மடங்கு இருந்தாலும் சரி. வண்டியை விட்டு இறங்காமல் ஜன்னலிலிருந்து பார்ப்பதே நல்லது. வண்டியை இந்தப் பறவை அதிகம் பொருட்படுத்தாது, நடந்து வரும் ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். ரீட்ஃப்லேயில் காண்டாமிருகமும் காட்டெருமையும் உண்டு, அதனால் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. இரண்டு நாட்டிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும், அந்தக் கவலை வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத சாலையோரத்தில் தனியாக வெகுநேரம் நிற்பதை மட்டும் தவிர்த்து விடுங்கள். முதல் தடவை காப்பகத்துக்குள் பார்த்துப் பழகிவிட்டு, பிறகு சாலையோரம் தேடலாம்.

கினாங்கோப்பில் காப்பகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. புல்வெளியில் பெரும்பகுதி தனியார் நிலம், சின்னச் சின்ன விவசாயிகளுடையது. வேலி தாண்டிப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டும். உள்ளூர்ப் பறவை வழிகாட்டி ஒருவரோடு போனால் அந்தச் சிக்கல் இல்லை, அந்தப் பணமும் அந்த ஊரிலேயே தங்கும். அங்கே உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் கோதுமையும் போடப் புல்வெளியை உழுதுகொண்டே போகிறார்கள். நெடுவால் விடோபேர்டுக்கு அதனால் இன்னும் பெரிய ஆபத்து வரவில்லை. ஆனால் அதே புல்லை நம்பியிருக்கும் ஷார்ப்ஸ் லாங்கிளா என்ற மஞ்சள் வயிற்றுப் பறவை உலகிலேயே கென்யாவில் மட்டும் உண்டு. அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. போன இடத்தில் அதையும் கேட்டுப் பாருங்கள்.

உள்ளூர்ப் பெயர் தெரிந்திருந்தால் விசாரிப்பது எளிது. தென்னாப்பிரிக்காவில் சகபூலா என்றால் கிராமத்தில் பலருக்குத் தெரியும். ஆஃப்ரிகான்ஸ் பேசும் பண்ணைக்காரர்கள் லாங்ஸ்டெர்ட்ஃபிளாப் என்பார்கள்.

3. ஆணை அடையாளம் காண்பது

உடல் முழுக்கக் கரிக்கறுப்பு. தோளில் செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த பட்டை, அதன் கீழ்விளிம்பில் வெளிறிய வெள்ளைக் கோடு. அலகு கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. பறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது தோள்பட்டை மறைந்துவிடலாம், அப்போது வெறும் கறுப்பாகத் தெரியும்.

வாலில் 12 இறகுகள், அவற்றில் ஆறு முதல் எட்டு வரை அரை மீட்டர் அளவுக்கு நீள்கின்றன. காட்சிப் பறத்தலின்போது ஆண் புல்லின் மேலே ஓரிரு மீட்டர் உயரத்தில், இறக்கையை மெதுவாக, வேண்டுமென்றே மிகைப்படுத்தி அடித்துக்கொண்டு போகும். வாலைப் பக்கவாட்டில் விரிக்காமல் மேலும் கீழுமாக விரிக்கும், வால் அறுந்து விழப்போகிற பட்டம் ஒன்று தாழ மிதந்து வருவது போலிருக்கும். திறந்த வெளியில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். அந்தப் பறத்தலை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு தோள் நிறம், அலகு நிறம் எதுவும் பார்க்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கறுப்பு உடம்பு, நீள வால் என்றதும் பெயரெழுதி விடுகிறவர்களுக்காக அடுத்த பகுதி.

4. ஏமாற்றும் சொந்தக்காரர்கள்

யூப்ளெக்டெஸ் பேரினத்தில் கறுப்பு ஆண்கள் ஏராளம். இடத்துக்கு இடம் குழப்பும் பறவை வேறு.

கென்யாவில் கவனிக்க வேண்டியது ஜாக்சன்ஸ் விடோபேர்ட். அதே மலைப்புல்வெளிகளில்தான் வாழ்கிறது, அதற்கும் வால் உண்டு. ஆனால் வால் இவ்வளவு நீளமில்லை, வளைந்து நிற்கும். தோளில் சிவப்பு கிடையாது, மங்கலான பழுப்புதான். நடத்தை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். ஜாக்சன்ஸ் ஆண் புல்லை வட்டமாக மிதித்துத் தட்டையாக்கி, நடுவில் ஒரு கொத்துப் புல்லை மட்டும் விட்டுவைத்து, அந்த வளையத்திலிருந்து மேலே மேலே எகிறிக் குதிக்கும். பல ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் இப்படிக் குதித்துக்கொண்டிருக்கும். எங்கே குதிக்கிற கறுப்புப் பறவையைப் பார்த்தாலும் ஜாக்சன்ஸ், மிதந்து போவதைப் பார்த்தால் நெடுவால். கினாங்கோப்பில் இந்த ஒரு விதியே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் மூன்று பேர். செங்கழுத்து விடோபேர்டுக்கும் வால் நீளம்தான், ஆனால் மெலிந்தது, தொண்டையில் சிவப்புப் பட்டை இருக்கும், தோள் வெறும் கறுப்பு. விசிறிவால் விடோபேர்டுக்குத் தோள் கிட்டத்தட்ட நம் பறவையைப் போலவே இருக்கும், வால் மட்டும் குட்டை. வால் இன்னும் முழுதாக வளராத நெடுவால் ஆணை நவம்பர் தொடக்கத்தில் பார்த்தால் இங்கேதான் தடுமாற்றம் வரும். நெடுவால் பெரிய பறவை, இறக்கை அகலம். பக்கத்தில் இரண்டும் இருந்தால் சந்தேகம் வராது. வெள்ளை இறக்கை விடோபேர்டுக்கு இறக்கையில் மஞ்சளும் வெள்ளையும்.

அங்கோலா, ஜாம்பியா பக்கம் சதுப்பு விடோபேர்ட் உண்டு. தோள் செம்மஞ்சள் அல்லது மஞ்சள், வால் நடுத்தரம்.

கடைசியாக ஒன்று, இது சொந்தமே இல்லை: ஊசிவால் வைடா. சிவப்பு அலகு, வெள்ளை வயிறு, ரிப்பன் மாதிரி மெல்லிய நான்கு வால் இறகு. உடம்பும் மிகச் சின்னது. இது நெசவுக் குருவிக் குடும்பம் கிடையாது. குயில் மாதிரி மற்ற பறவையின் கூட்டில் முட்டையிடுவது. நீள வால் என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். அலகு சிவப்பா என்று பாருங்கள், முடிந்தது.

5. பெண்ணும், வால் உதிர்ந்த ஆணும்

இனி கடினமான பகுதி. பெண் மண் நிறம், மேலே கருங்கோடுகள், வால் சுமார் 7 செ.மீ. மட்டும். பார்த்தால் பெரிய சைஸ் சிட்டுக்குருவி என்றுதான் தோன்றும். மற்ற விடோபேர்ட் பெண்களும், அதே நெசவுக் குருவிக் குடும்பத்தின் பிஷப் குருவிப் பெண்களும், கூட்டம் கூட்டமாக வரும் குவேலியா என்ற குருவிகளும் ஏறக்குறைய இதே வேஷம்.

வழி ஒன்றுதான்: ஆணின் எல்லைக்குள் பாருங்கள். ஆண் காட்சிப் பறத்தலைத் தொடங்கினால் பெரும்பாலும் அருகில் எங்கோ பெண் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆண் போகிற திசையில் புல் நுனியை மெதுவாக அலசுங்கள். புல்லில் இறங்கி, மறைந்து, மீண்டும் அதே இடத்திலிருந்து கிளம்புகிற பழுப்புப் பறவை இருந்தால் அதைத் தொடருங்கள். வாயில் புல்லோ பூச்சியோ இருந்தால் கூடு பக்கத்தில் இருக்கிறது. அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டைத் தேடிப் புல்லை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். நீங்கள் போட்ட தடத்திலேயே வேட்டையாடும் பிராணி பின்னால் வரும்.

தூக்கணாங்குருவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. நம் ஊரில் ஆண்தான் கூட்டைப் பின்னித் தொங்கவிட்டு, பெண் வந்து சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். இங்கே ஆண் கட்டி வைத்த வீட்டைக் காட்டி அழைப்பதில்லை, காட்டுவதெல்லாம் வாலைத்தான். கூரை போட்ட புல் கூடு உயரமான புல்லின் மேல்பாதியில் இருக்கும், உள்ளே புல்கதிர்களை மெத்தையாகப் போட்டிருக்கும். குஞ்சு வளர்ப்பு முழுக்கப் பெண்ணின் பொறுப்பு. ஒரே ஆணின் எல்லையில் பல பெண்கள் கூடு வைக்கும்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் வாலை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலப் பழுப்பாகிவிடும். ஆனாலும் தோளின் சிவப்பு போகாது. உட்கார்ந்திருக்கும்போது தெரியாவிட்டாலும் பறக்கும்போது பளிச்சென்று தெரியும். குளிர்காலக் கூட்டத்தில் பெரிய உடம்பு, அகன்ற கருநிற இறக்கை, சிவந்த தோள் மூன்றும் சேர்ந்து கண்டால் நெடுவால் ஆண் என்று தைரியமாக எழுதலாம். கூட்டத்தில் பெண் மட்டும் தெரிந்தால்? "யூப்ளெக்டெஸ், பெண்" என்று எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போங்கள். அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் கூட்டங்கள் மாலையில் நாணல் புதர்களில் வந்து ஒன்றாக அடையும். மரியவேல் மாதிரி நீர்நிலை அருகே பொழுது சாயும்போது நின்றால் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப் போவீர்கள்.

6. எந்தத் துணையினம்?

இதைக் கேட்கத்தான் பலர் வருகிறார்கள், ஆனால் பதில் சின்னது. இந்தப் பறவையின் துணையினத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம். இறகு அல்ல.

தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாத்தினி என்றால் புரோக்னே. முதலில் விவரிக்கப்பட்டது இதுதான். பிரெஞ்சு இயற்கையாளர் பூஃபோனின் பெரும் இயற்கை வரலாற்று நூலுக்காக அச்சிட்ட வண்ணப் படங்களுக்கு டச்சு இயற்கையாளர் பீட்டர் பொடேர்ட் 1783-இல் அறிவியல் பெயர்கள் கொடுத்துப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல் வழியாகத்தான் இந்தப் பறவைக்கும் பெயர் வந்தது.

கென்ய மலைப்பகுதி என்றால் டெலாமெரெய். ஆங்கிலப் பறவையியலாளர் ஷெல்லி 1903-இல் விவரித்தார். கென்யாவில் பெரும் நிலங்களை வளைத்துக் குடியேறிய ஆங்கிலேயப் பிரபு டெலாமெரின் பெயர் அது. அந்த மண்ணின் பறவைக்கு அவர் பெயரா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அங்கோலா, தெற்குக் காங்கோ, ஜாம்பியா என்றால் டெலகூரி. ஜெர்மன் பறவையியலாளர் வோல்ட்டர்ஸ் 1953-இல் பிரித்தது, பிரெஞ்சுப் பறவையியலாளர் ழான் டெலகூரின் பெயரை வைத்து.

கினாங்கோப்புக்கும் ஹைவெல்டுக்கும் நடுவே 2,000 கி.மீ.-க்கு மேல் இடைவெளி. இடையில் பெரும்பகுதி மியோம்போ எனப்படும் மரக்காடும் வறண்ட புதர்நிலமும். மரமில்லாத உயர்நிலப் புல்லை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல் மாதிரிதான். ஆகவே ஒரு துணையினத்தின் எல்லைக்குள் இன்னொன்று தவறி வந்துவிடுமோ என்ற பயமே தேவையில்லை. ஒரே குளத்தில் மூன்று துணையினத்தைப் பிரித்தெடுக்க வேண்டிய மஞ்சள் வாலாட்டியோடு போராடியவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

புத்தகங்களில் துணையினங்களுக்குள் அளவிலும் நிறச் செறிவிலும் வேறுபாடு எழுதியிருப்பார்கள். அது அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகளை வரிசையாக வைத்து, அளவுகோலால் அளந்து சொன்னது. வயலில் அது உதவாது. ஒரே புல்வெளியில் பக்கத்துப் பக்கத்து ஆண்களுக்கே வால் நீளம் வேறுபடும். இளம் ஆணுக்குக் குட்டை, பருவத் தொடக்கத்தில் இன்னும் குட்டை, முனை ஒடிந்ததும் உண்டு. "வால் நீளமாக இருந்தது, அதனால் இந்தத் துணையினம்" என்று யாராவது படம் போட்டால் எங்கே எடுத்தது என்று மட்டும் கேளுங்கள்.

7. ஒரு மணி நேரம் ஒரே ஆணோடு உட்காருங்கள்

பட்டியலில் டிக் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்தப் பறவையின் சிறந்த பகுதியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கினாங்கோப்பில் நின்றால், பரிணாம உயிரியலின் மிகப் பேர்பெற்ற களச் சோதனைகளில் ஒன்று நடந்த புல்வெளியில் நிற்கிறீர்கள்.

இவ்வளவு பெரிய வால் எதற்கு என்பது டார்வின் காலத்துக் கேள்வி. பெண்கள் அழகு பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான் ஆண் பறவைகளுக்கு இப்படி ஆடம்பர இறகுகள் வளர்ந்தன என்றார் அவர். நிரூபணம்தான் நூறு ஆண்டுக்கு மேல் வரவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த மால்ட்டே ஆண்டர்சன் கினாங்கோப்புக்கு வந்து 36 ஆண்களைப் பிடித்தார். ஒன்பது ஒன்பதாக நான்கு குழு. ஒரு குழுவுக்கு வாலைச் சுமார் 14 செ.மீ. ஆக வெட்டினார். வெட்டிய இறகுகளை இன்னொரு குழுவின் வாலில் ஒட்டி, இருந்ததைவிடச் சுமார் 25 செ.மீ. கூடுதலாக நீட்டினார், ஒட்டியது விரைவாகக் காயும் சாதாரணப் பசையால். மூன்றாவது குழுவுக்கு வெட்டி, வெட்டியதையே திரும்ப ஒட்டினார், வெட்டுவதும் ஒட்டுவதும் பறவையின் நடத்தையை மாற்றுகிறதா என்று பார்க்க. நான்காவது குழுவின் வாலைத் தொடவே இல்லை. பிறகு ஒவ்வொரு ஆணின் எல்லையிலும் எத்தனை புதுக் கூடுகள் வந்தன என்று எண்ணினார்.

வால் நீட்டிய ஆண்களின் எல்லையில்தான் அதிகக் கூடுகள். இயற்கையில் இல்லாத நீளத்தைக்கூடப் பெண்கள் விரும்பின. வால் குட்டையான ஆண்கள் தங்கள் எல்லையை இழக்கவில்லை என்பது அதைவிட முக்கியம். வால் ஆண்களுக்குள் சண்டைக்கான ஆயுதமாக இருந்திருந்தால், வெட்டுப்பட்டவை துரத்தப்பட்டிருக்கும். 1982-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த அந்தக் கட்டுரை இன்றும் கல்லூரிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பசைக்குப்பியும் கத்தரிக்கோலும் வைத்துச் செய்த வேலை!

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு ஆணின் எல்லையைப் பாருங்கள். எந்த வேலிக்கம்பம், எந்தப் புல்மேடு அதன் எல்லைக்கல் என்று அரை மணியில் பிடிபட்டுவிடும். பக்கத்து ஆண் வந்தால் என்ன செய்கிறது, பெண் வந்தால் என்ன செய்கிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஆண் வரும்போது வேகமான துரத்தல், பெண் வரும்போது மெதுவான மிதத்தல். இரண்டிலும் வாலை வைத்துக்கொள்ளும் விதம் வேறு. இரை தேடுவதையும் கவனியுங்கள்: தரையில் இறங்கிப் புல் விதை பொறுக்கும், ஈசல் கிளம்பினால் அதையும் விடாது. தரையில் இருக்கும்போது அந்த வால் எப்படித் தடுக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை அழைப்பது இங்கே வேண்டவே வேண்டாம். தானாக உங்கள் முன்னால் காட்சி நடத்துகிற பறவையை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

8. படம் எடுக்கிறவர்களுக்கு

எல்லோரும் செய்வது, தலையைச் சட்டத்தின் நடுவில் வைத்து வால் பாதியை வெட்டிவிடுவது. பறவையைச் சட்டத்தின் முன்பக்கம் தள்ளிப் பின்னால் நிறைய இடம் விடுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் 1,600-இல் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். கரும் பறவை, பின்னால் வெளிச்ச வானம் என்றால் கேமரா ஏமாந்து பறவையை வெறும் நிழலாக எடுத்துவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள், ஆனால் தோளின் சிவப்பு வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

9. பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

தேதி, நேரம், இடம், ஆண் எத்தனை, அவற்றில் முழு வால் எத்தனை, அரை வால் எத்தனை, பெண் தெரிந்ததா, புல் எவ்வளவு உயரம். இவ்வளவு எழுதினால் போதும். முழு வால், அரை வால் எண்ணிக்கையை யாரும் எழுதுவதில்லை. எந்த வாரம் ஆண்கள் உடை மாற்றின என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அதுதான் உதவும், குறிப்பாக மழை தாறுமாறாக வரும் கென்யாவில்.

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் போடலாம். இனத்தின் பெயரோடு நிறுத்திவிட்டு இடத்தைச் சரியாகக் குறித்தால் போதும், துணையினம் அதிலேயே வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் அதைவிட நல்லது, 2007-இல் தொடங்கிய இரண்டாவது தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தில் சேர்வது. நாட்டை ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் பென்டாட் என்று பெயர். ஒரு பென்டாடுக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்றி, பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் எழுதினால் முழுப் பட்டியல் ஆகும். பறவைப் பட்டியல் எழுத உதவும் பேர்ட்லாசர் என்ற கைபேசிச் செயலி, நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டும். கென்யா பறவை வரைபடத் திட்டமும் இதே கட்டங்களையும் இதே முறையையும்தான் பின்பற்றுகிறது, ஒரு நாட்டில் பழகினால் இன்னொரு நாட்டிலும் உடனே தொடங்கிவிடலாம். ஊரிலிருந்து கிளம்பும்போதே செயலியை இறக்கிக் கணக்குத் திறந்து வையுங்கள். புல்வெளியில் நின்றுகொண்டு சிக்னலைத் தேடுவது வேலைக்கு ஆகாது.